எழுபதாயிரம் பாறைகளின் சராசரி

1924-ஆம் ஆண்டு பிராங்க் கிளார்க், ஹென்றி வாஷிங்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 5,159 தீப்பாறைகளின் வேதிப் பகுப்பாய்வுகளைக் கூட்டி வகுத்து, புவி மேலோட்டின் சராசரி இயைபு இதுதான் என்று வெளியிட்டார்கள். சிலிக்கா ஏறத்தாழ 59 விழுக்காடு என்று வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பாறையை முழுமையாகப் பகுத்தாய்வது நாட்கணக்கில் நீளும் வேலை. பொடியாக்கி, கரைத்து, வடிகட்டி, வீழ்படிவைச் சுட்டு எடைபோட்டு, ஒவ்வொரு ஆக்சைடாகப் பிரித்து எடுக்க வேண்டும். அதனால் 5,159 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு தலைமுறை வேதியியலாளர்களின் உழைப்பு இருந்தது.

ஆனாலும் அந்தச் சராசரி எதனுடைய சராசரி என்ற கேள்வி உடனே எழுந்தது. பகுப்பாய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. ஒரு குன்றின் ஓரத்தில் மட்டும் தலைகாட்டும் அபூர்வப் பாறைக்கும், மாவட்டக் கணக்கில் பரந்துகிடக்கும் கிரானைட்டுக்கும் அந்தப் பட்டியலில் ஒரே மதிப்பு. நார்வேயில் பணியாற்றிய விக்டர் கோல்ட்ஷ்மிட் வேறு வழி தேடினார். பனியாறுகள் பெருநிலத்தை அரைத்துக் கலந்து கொண்டுவந்து படியவிட்ட களிமண்ணில் 77 மாதிரிகளை எடுத்துப் பகுத்தார். சிலிக்கா அளவு கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நின்றது. பாறைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது ஒரு வழி. இயற்கையே கலந்து வைத்ததை அளப்பது இன்னொரு வழி. நூறு ஆண்டு கழித்தும் இந்தத் துறையின் பெரிய வாதங்கள் இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

கேள்வி மட்டும் இப்போது கடினமாகிவிட்டது. மேலோட்டின் சராசரி என்ன என்பதோடு, அந்தச் சராசரி காலப்போக்கில் மாறியதா என்றும் கேட்கிறோம். 300 கோடி ஆண்டுக்கு முன் எரிமலை கக்கிய குழம்பும் போன ஆண்டு கக்கியதும் வேதியியலில் ஒன்றா? வேறு என்றால், மாற்றம் மெல்ல நடந்ததா, ஒரு கட்டத்தில் சட்டென நடந்ததா?

மாறியிருக்கத்தான் வேண்டும் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் உண்டு. புவி குளிர்ந்துகொண்டே வருகிறது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவு உள்ளே வெப்பத்தை உண்டாக்குகிறது; சிதையச் சிதைய அந்த அடுப்பு தணிகிறது. 300 கோடி ஆண்டுக்கு முன் இந்த வெப்ப உற்பத்தி இன்றுள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேல். 2010-இல் கிளாட் ஹெர்ஸ்பெர்க், கென்ட் காண்டி, ஜுன் கொரெனாகா மூவரும் பழைய எரிமலைப் பாறைகளின் இயைபிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, 250 முதல் 300 கோடி ஆண்டுக்கு முன் மேலோட்டுக்குக் கீழுள்ள கவசத்தின் வெப்பநிலை 1,500 முதல் 1,600 பாகை செல்சியஸ் வரை இருந்திருக்கலாம் என்றார்கள். அதே அளவுகோலில் இன்றைய மதிப்பு சுமார் 1,350.

வெப்பம் கூடினால் குழம்பின் வேதியியல் எப்படி மாறும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மீதிக் கட்டுரை முழுவதும் இதன்மேல் நிற்கிறது. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசப் பாறை மேலெழும்போது முழுவதும் உருகுவதில்லை; ஒரு பகுதிதான் உருகுகிறது. பொட்டாசியம், ருபிடியம், தோரியம், லாந்தனம் போன்ற தனிமங்களின் அயனிகள் அளவாலோ மின்னூட்டத்தாலோ கவசத்தின் படிகங்களுக்குள் பொருந்துவதில்லை. உருகல் தொடங்கியதும் முதல் துளியோடு அவை வெளியேறிவிடுகின்றன. இவற்றை ஒத்துப்போகாத தனிமங்கள் என்பார்கள். நிக்கல், குரோமியம், மக்னீசியம் அப்படியல்ல. ஆலிவின் போன்ற படிகங்களில் அவை உறுதியாக அமர்ந்திருக்கும்; மிகுதியாக உருக்கினால்தான் குழம்புக்கு வரும். ஆகவே கவசத்தில் பத்தில் ஒரு பங்கு உருகினால், முற்றிலும் ஒத்துப்போகாத ஒரு தனிமம் குழம்பில் பத்து மடங்கு செறிவாகும். பத்தில் மூன்று பங்கு உருகினால் அதே சரக்கு பெரிய அளவில் கரைந்து, மூன்றரை மடங்குக்கும் குறைவாக நிற்கும். நிக்கலும் மக்னீசியமும் அப்போது கூடும். பழைய பசால்ட்டில் நிக்கல் கூடுதலாகவும் பொட்டாசியம் குறைவாகவும் இருந்தால், அக்காலக் கவசம் மிகுதியாக உருகியது என்று அதற்குப் பொருள்.

இதற்கு முதல் நேர்ச்சான்று தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. பார்பர்ட்டன் பகுதியில் கொமாட்டி ஆற்றின் கரையில், அதுவரை எந்த வகைப்பாட்டிலும் அடங்காத ஒரு எரிமலைப் பாறையை 1969-இல் வில்யோன் சகோதரர்கள் விவரித்தார்கள். கொமாட்டியைட் என்று பெயரிட்டார்கள். மக்னீசியம் ஆக்சைடு 18 விழுக்காட்டுக்கு மேல். சிலவற்றில் 30-ஐத் தொடும். நடுக்கடல் முகடுகளில் இன்று வெளிவரும் பசால்ட்டில் அது சுமார் 8 விழுக்காடுதான். கொமாட்டியைட் குழம்பு வெளிவந்தபோது 1,600 பாகையை எட்டியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இன்றைய ஹவாய்க் குழம்பு 1,200-ஐத் தாண்டுவதே அரிது. சட்டெனக் குளிர்ந்ததால் ஆலிவின் நீண்ட தகடுகளாக உறைந்து, ஆஸ்திரேலியாவின் ஸ்பினிஃபெக்ஸ் புல்லைப் போன்ற கோலத்தில் பாறைமேல் பரவியிருக்கும். கர்நாடகத்தின் சர்கூர் தொகுதியில் சுமார் 335 கோடி ஆண்டு வயதுள்ள கொமாட்டியைட்டுகள் உண்டு. 250 கோடி ஆண்டுக்கு முன் ஆர்க்கியன் காலம் முடிந்தபின் இந்த வகை அரிதாகிவிடுகிறது. கொலம்பியாவை ஒட்டிய கோர்கோனா தீவில் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுக்கு முந்தையது ஒன்று இருக்கிறது. விதிவிலக்காக நின்று அது ஆய்வாளர்களை இன்னும் சிந்திக்க வைக்கிறது.

கொமாட்டியைட் மறுக்க முடியாத சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது உச்சத்தைச் சொல்கிறது, சராசரியைச் சொல்லவில்லை. அக்காலக் கவசத்தில் மிகச் சூடான ஒரு தூண் எழுந்து கக்கியதை வைத்து, கவசம் முழுவதும் அப்படித்தான் இருந்தது என்று முடிவுகட்ட இயலாது. உலகம் முழுவதற்கும் பொருந்தும் விடை வேண்டுமானால் சாதாரணப் பாறைகளிடம் போக வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கில்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெனின் கெல்லரும் பிளேர் ஷோனியும் 2012-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. கண்டங்களில் கிடைக்கும் தீப்பாறைகளின் ஏறத்தாழ 70,000 பகுப்பாய்வுகளை அவர்கள் திரட்டினார்கள். கடல்தளத்தை விட்டதற்குக் காரணம் எளிது. கடல்தளப் பாறை மீண்டும் கவசத்துக்குள் அமிழ்ந்துவிடுவதால், இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் 20 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. ஆழ்காலத்தின் பதிவு கண்டங்களில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் தொடங்கிய ஜியோராக், அமெரிக்காவின் எர்த்கெம் போன்ற தரவுத்தளங்கள் பல தலைமுறை ஆய்வாளர்கள் தனித்தனிக் கட்டுரைகளில் அச்சிட்ட அட்டவணைகளை ஓரிடத்தில் சேர்த்திருக்காவிட்டால் இப்படியொரு வேலையை எண்ணிப்பார்த்திருக்கவே முடியாது. அந்தத் தரவுத்தளங்களில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, ஆயத்தொலைவுகளைத் தேடிச் சேர்த்தவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் வருவதில்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

தரவு திரண்டதும் முதலில் தெரிவது குழப்பம்தான். ஒரே காலத்துப் பசால்ட்டுகளை மட்டும் எடுத்தாலும் மக்னீசியத்தின் அளவு ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். சில பாறைகள் ஆழத்திலிருந்து நேராக வந்தவை; சில, வழியில் மேலோட்டுக்குள் தேங்கி, படிகங்களைக் கீழே உதிர்த்துவிட்டு வந்தவை; சில, சுற்றியிருந்த பாறையை உருக்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டவை. காலமாற்றம் என்று நாம் தேடுவது இந்தச் சிதறலைவிடச் சிறியது. ஒரு பழைய பாறையையும் ஒரு புதிய பாறையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த விடையும் வரலாம்.

இங்கேதான் புள்ளியியல் உதவுகிறது. திட்டவிலக்கமும் திட்டப்பிழையும் வேறு வேறு. முன்னது தனிப் பாறைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. மாதிரிகளைக் கூட்டுவதால் அது குறையாது. பின்னது சராசரியை நாம் எவ்வளவு துல்லியமாக அறிகிறோம் என்பதன் அளவு. மாதிரிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது சுருங்கும். பாறைகள் 3 விழுக்காடு சிதறியிருந்தாலும், 900 பாறைகளின் சராசரியில் பிழை 0.1 விழுக்காடுதான். அப்படியானால் சிறு மாற்றத்தையும் பிடித்துவிடலாம்.

ஒரு நிபந்தனையின் பேரில்தான் இது உண்மை: அந்த 900 பாறைகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் பொங்கி, இன்றும் மேற்கு இந்தியாவில் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக்கிடக்கும் தக்காணக் குழம்புப்படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். மகாபலேஷ்வரின் மலைச்சாலை நெடுகிலும் அடுக்கடுக்காகப் படிந்த குழம்பைப் பல குழுக்கள் அடி அடியாக அளந்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பசால்ட்டும் அப்படித்தான். அதே நேரத்தில், ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் ஒரு பழம்பாறைப் பட்டைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பகுப்பாய்வு இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே கூட்டி வகுத்தால், கிடைப்பது புவியின் வரலாறு ஆகாது. புவியியலாளர்கள் எங்கே போக முடிந்தது, எங்கே தாதுப்பொருள் தேடினார்கள், எங்கே சாலை இருந்தது என்பதன் வரலாறாகத்தான் இருக்கும். கிளார்க், வாஷிங்டன் சராசரியின் பழைய கோளாறு எண்ணிக்கை பெருகியதாலேயே தீர்ந்துவிடாது. பெரிய எண்ணிக்கை அதைத் துல்லியமான தவறாக மாற்றிவிடும்.

கெல்லரும் ஷோனியும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு நிறை கொடுத்தார்கள். ஒரு மாநிலத்தின் வருமானத்தைக் கணக்கெடுக்கப் போனவர் ஒரே தெருவில் ஆயிரம் வீட்டையும், மற்ற ஊர்களில் ஊருக்கு ஒரு வீடாகவும் விசாரித்து வந்தால், அந்தத் தெருவின் ஆயிரம் விடைகளுக்கும் சேர்த்துக் கொஞ்சமே மதிப்பளிப்போம் அல்லவா? அதே முறைதான். சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள், முன்பின் சில கோடி ஆண்டுக்குள் வேறு மாதிரிகள் நெருங்கியிருந்தால் ஒரு பாறையின் நிறை குறையும். இடத்திலும் காலத்திலும் தனித்து நிற்கும் பாறைக்குக் கூடும். பிறகு அந்த நிறையை நிகழ்தகவாக வைத்துத் தரவிலிருந்து சமவாய்ப்பாக மாதிரிகளை மீண்டும் மீண்டும் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பாறையின் வயதையும் இயைபையும் அவற்றின் பிழை வரம்புக்குள் சற்று அசைத்துவிட்டார்கள். பிராட்லி எஃப்ரான் 1979-இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் முறையின் ஒரு வடிவம் இது. அளவீட்டுப் பிழை, வயதின் ஐயம், மாதிரிகளின் ஏற்றத்தாழ்வு மூன்றும் விடையின் பிழைக்கோட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

முடிவில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, எதிர்பார்த்தது. பசால்ட்டுகளில் நிக்கல், குரோமியம், மக்னீசியம் காலப்போக்கில் படிப்படியாகக் குறைகின்றன. பொட்டாசியம் போன்றவை படிப்படியாகக் கூடுகின்றன. இரண்டு குழுவும் எதிரெதிர்த் திசையில் நகர்வது முக்கியமானது. உருகிய பங்கு காலந்தோறும் குறைந்து வந்தது, அதாவது கவசம் குளிர்ந்தது என்ற விளக்கம் இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குகிறது.

இரண்டாவதை யாரும் அவ்வளவு தெளிவாக எதிர்பார்க்கவில்லை. அந்த மெல்லிய சரிவின் நடுவே, 250 கோடி ஆண்டையொட்டி ஒரு படிக்கட்டு. ஏறத்தாழ எல்லாக் குறிகாட்டிகளும் அங்கே தாண்டுகின்றன. சிலிக்கா மிகுந்த பாறைகளில் அது இன்னும் தெளிவு. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் இறங்குகிறது. லாந்தனத்துக்கும் இட்டர்பியத்துக்கும் உள்ள விகிதம் இறங்குகிறது. யூரோப்பியத்தில் முன்பு இல்லாத பற்றாக்குறை தோன்றுகிறது.

இந்த மூன்றும் ஆழமானிகள். மேலோட்டின் அடியில் மிக ஆழத்தில் பாறை உருகினால் அங்கே கார்னெட் படிகம் நிலைத்திருக்கும். அது இட்டர்பியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே வரும் குழம்பில் லாந்தனம் ஓங்கி நிற்கும். ஆழம் குறைந்த இடத்தில் உருகினால் கார்னெட்டுக்குப் பதில் பிளாஜியோகிளேஸ் நிலைத்திருக்கும். கால்சியத்தின் இடத்தில் யூரோப்பியத்தை அது வாங்கிக்கொள்ளும். குழம்பு யூரோப்பியம் குறைந்து வரும். ஆகவே ஆர்க்கியன் காலத்தில் மேலோட்டின் உருகல் ஆழத்தில் நடந்தது, பின்னர் ஆழம் குறைந்தது என்று தரவு சொல்கிறது. கவசம் மிகுதியாக உருகிய அக்காலத்தில் மேலோட்டின் அடிப்பகுதி தடித்த பசால்ட்டாக இருந்தது. ஆழத்தின் அழுத்தத்தில் கார்னெட் உருவாகிக் கனத்து, கவசத்துக்குள் பிய்ந்து மூழ்கியபடியே உருகியது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

அட்டவணைகளில் தெரியும் இந்த மாற்றம் பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் சாலையிலும் தெரிகிறது. லால்பாக் பூங்காவில் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படும் குன்று தீபகற்ப நைஸ் வகை. வயது சுமார் 300 கோடி ஆண்டு. எரிமலையாக வெளிவராமல் ஆழத்திலேயே உறைந்த குழம்புகள் பின்னர் உருமாறியதால் உண்டானது. இந்த நைஸின் பெரும்பகுதி சோடியம் ஓங்கியது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரத்தின் மொட்டைக் குன்றுகள் வரும். ஆங்கிலேயர் காலத்துப் பெயரால் குளோஸ்பெட் கிரானைட் என்று நூல்களில் வழங்கும் அவை சுமார் 252 கோடி ஆண்டு வயதுடையவை. விரல் நீளத்துக்கு வளர்ந்த பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் படிகங்களைப் பாறை முகத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் உள்ள சார்னோக்கைட்டுகளில் பலவும் அதே காலத்தையொட்டியவை. 70,000 மாதிரிகளின் வரைபடத்தில் ஒரு படியாகத் தெரிவது, தென்னிந்தியாவில் கண்ணால் பார்க்கக்கூடிய பாறை மாற்றமாக இருக்கிறது.

இவ்வளவு பொருந்தி வருவதாலேயே கூடுதலாக ஐயப்பட வேண்டியிருக்கிறது. நிறையிடுவது மாதிரி எடுப்பதில் உள்ள சாய்வைச் சரிசெய்யும். பாதுகாப்பில் உள்ள சாய்வைச் சரிசெய்யாது. அரித்துப் போன மலையிலிருந்தும் கவசத்துக்குள் மூழ்கிய மேலோட்டிலிருந்தும் யாரும் மாதிரி எடுக்க முடியாது. ஆர்க்கியன் கண்டங்களில் இன்று நாம் காண்பது, 300 கோடி ஆண்டு பிழைத்திருக்கும் அளவுக்கு மிதப்பும் உறுதியும் உள்ள பகுதிகள். பிழைத்ததற்கான காரணமே அவற்றின் வேதியியலோடு தொடர்புடையதாக இருந்தால், பழைய பாறைகளின் சராசரி பழைய உலகின் சராசரியாகாது. மேலும், இளம் பாறைகளில் எரிமலையின் மேல்முகம் இருக்கிறது. பழையவற்றில் பல கிலோமீட்டர் அரிப்புக்குப் பின் வெளிவந்த ஆழப்பகுதி இருக்கிறது. காலத்தை ஒப்பிடுகிறோம் என்று நினைத்து ஆழத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். இந்தச் சாய்வு வயதோடு சேர்ந்தே நகர்வதால், எத்தனை முறை சமவாய்ப்பாகப் பொறுக்கினாலும் அது விலகாது.

வயது என்ற நெடுவரிசையும் கவனத்துக்குரியது. சிர்க்கான் படிகத்தில் யுரேனியமும் ஈயமும் அளந்து நேராக வயது கண்ட பாறைகள் ஒரு பகுதிதான். பசால்ட்டில் சிர்க்கான் கிடைப்பதே அரிது. மற்றவற்றுக்கு அருகிலுள்ள பாறையின் வயதோ, நிலப்படத்தின் பொதுக் குறிப்போ வயதாகிறது. ஆர்க்கியன் காலத்துக்கும் அதையடுத்த புரோட்டெரோசோயிக் காலத்துக்கும் எல்லை 250 கோடி ஆண்டு என்பது ஒரு முழு எண்ணாக உலகப் புவியியலாளர்கள் ஒப்புக்கொண்டு வைத்த கோடு. தோற்றத்தைப் பார்த்து ஆர்க்கியன் என்று குறிக்கப்பட்ட ஒரு பாறை கோட்டுக்கு அப்பாலும், இளமையாகத் தெரிந்தது இப்பாலும் வைக்கப்பட்டிருந்தால், அந்தக் கோட்டில் ஒரு படி தோன்றுவதில் வியப்பில்லை. வயதை அசைத்துவிடும் முறை படியைக் கூர்மையாக்காது, மழுங்கத்தான் வைக்கும் என்ற பதில் நியாயமானது. ஆனால் அது சமவாய்ப்பான பிழைக்குப் பதில். வகைப்படுத்தலில் புகுந்த பிழைக்கு அல்ல. படிப்படியான சரிவை நான் முழுமையாக ஏற்கிறேன். படி உண்மையிலேயே அவ்வளவு செங்குத்தா, 300-க்கும் 250-க்கும் இடையில் கண்டத்துக்குக் கண்டம் வெவ்வேறு நேரத்தில் நடந்த மாற்றங்கள் ஒன்றாகக் குவிந்து தெரிகின்றனவா என்பதில் எனக்கு உறுதி இல்லை. கர்நாடகத்தின் தார்வார் பழம்பாறை நிலத்திட்டில் மேற்குப் பகுதி கிழக்குக்கு முன்னரே நிலைபெற்றுவிட்டது. ஒரே நிலத்திட்டில்கூடக் கடிகாரம் ஒன்றல்ல.

பாறை பட்ட பாடும் கணக்கில் வர வேண்டும். ஆர்க்கியன் குழம்புகளில் அநேகமாக எல்லாமே பிற்காலத்தில் வெப்பத்துக்கும் நீருக்கும் ஆட்பட்டுப் பச்சைநிறக் கனிமங்களாக மாறியவை. சோடியம், பொட்டாசியம், ருபிடியம் மூன்றும் நீரோடு எளிதில் நகர்பவை. பழைய பசால்ட்டில் பொட்டாசியம் குறைவு என்றால், பிறப்பிலேயே குறைவா, பின்னர் கழுவப்பட்டதா? அதனால்தான் இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் டைட்டேனியம், சிர்க்கோனியம், நையோபியம், தோரியம், இட்டர்பியம் போன்ற நகராத தனிமங்களை முதலில் கேட்பார்கள். அவையும் அதே கதையைச் சொன்னால் நம்பலாம். நிக்கலும் லாந்தனம், இட்டர்பியம் விகிதமும் இந்தச் சோதனையில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும்விட நன்றாகவே தேறுகின்றன.

விகிதங்களுக்கென்றே ஒரு கணிதக் கண்ணி உண்டு. ஒரு பாறையில் சோடியம் பொட்டாசியத்தைப் போல் நான்கு மடங்கு, இன்னொன்றில் நான்கில் ஒரு பங்கு என்று வைப்போம். இரண்டின் சராசரி 2.125; சோடியமே மிகுதி என்று தோன்றும். இப்போது விகிதத்தைத் திருப்பிப் போட்டு, பொட்டாசியத்தைச் சோடியத்தால் வகுத்துச் சராசரி பாருங்கள். அதுவும் 2.125. அதே இரண்டு பாறைகள், எதிரெதிரான இரண்டு முடிவுகள். மடக்கை எடுத்துச் சராசரி கண்டு, அதை மீண்டும் விகிதமாக மாற்றினால் விடை சரியாக 1 வரும். பகுதிகளை வகுத்து ஒப்பிடுவதால் பொய்யான ஒட்டுறவு தோன்றும் என்று கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்தார். மொத்தம் 100 என்று கட்டுண்ட பாறைப் பகுப்பாய்வுகளில் ஒன்று கூடினால் மற்றவை குறைந்தே ஆக வேண்டும் என்பதன் விளைவுகளை ஃபீலிக்ஸ் சேய்ஸ் 1960-இல் ஆராய்ந்தார். ஜான் ஐச்சிசன் 1986-இல் ஒரு முழு நூலாகவே மடக்கை விகித முறையை வகுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளில் இந்த அடிப்படை கவனிக்கப்படாமல் போவது வருத்தம் தருகிறது.

250 கோடி ஆண்டு என்பது ஏன் இவ்வளவு பேரை ஈர்க்கிறது என்றால், அதை அடுத்து வளிமண்டலத்தில் ஆக்சிஜன் ஏறியது. ஆக்சிஜன் இல்லாத காற்றில் மட்டுமே பழம்பாறைக் கந்தகத்தின் ஐசோடோப்புகளில் பதியக்கூடிய ஒரு தனி அடையாளத்தை ஜேம்ஸ் ஃபார்குவரும் உடனாய்வாளர்களும் 2000-இல் காட்டினார்கள். 240 முதல் 230 கோடி ஆண்டுக்குள் அது மறைகிறது. எரிமலை வேதியியலுக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு? குர்ட் கான்ஹவுசர் குழு 2009-இல் ஒரு வழியைச் சுட்டியது. பட்டைப்பட்டையான இரும்புத்தாதுப் படிவுகளில் நிக்கலின் அளவு சுமார் 270 கோடி ஆண்டுக்கு முன்பிலிருந்து வீழ்கிறது. கவசம் குளிர, கொமாட்டியைட் அரிதாக, கடலுக்கு வரும் நிக்கல் குறைகிறது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு நிக்கல் இன்றியமையாதது. அவை பசியில் வாட, ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்த மீத்தேன் குறைகிறது. லீ கம்ப், மார்க் பார்லி இருவரும் 2007-இல் வேறொரு பக்கம் போனார்கள்: அக்காலத்தில் கடலடி எரிமலைகளின் பங்கு குறைந்து நிலத்து எரிமலைகளின் பங்கு கூடியது, அதனால் வெளிவந்த வாயுக்களின் தன்மை மாறியது என்றார்கள். இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். நுண்ணுயிரின் பசிக்கும் ஆயிரம் பாகைக்கு மேல் கொதித்த கவசத்துக்கும் இடையில் நிக்கல் என்ற ஒரு தனிமம் நிற்கிறது என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

கோல்ட்ஷ்மிட்டின் வழியில் போனவர்கள் வேறு விடை கொண்டுவந்தார்கள். ராஸ் டெய்லரும் ஸ்காட் மெக்லென்னனும் 1985-இல், பல நிலங்களின் வண்டல் கலந்து உறைந்த களிப்பாறைகளை ஆராய்ந்து, ஆர்க்கியனுக்குப் பிறகுதான் அவற்றில் யூரோப்பியப் பற்றாக்குறை பொதுவாகிறது என்று காட்டினார்கள். கெல்லர், ஷோனியின் 70,000 பாறைகள் சொல்வதோடு இது இணங்குகிறது. ஆனால் 2016-இல் மிங் டாங், காங் சென், ராபர்ட்டா ரட்னிக் மூவரும் களிப்பாறைகளில் நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும், குரோமியத்துக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள விகிதங்களை எடுத்து, 300 கோடி ஆண்டுக்கு முன் மேல் மேலோட்டில் மக்னீசியம் ஆக்சைடு 11 விழுக்காட்டுக்கு மேல், 250 கோடி ஆண்டையொட்டி அது சுமார் 4 என்று கணக்கிட்டார்கள். அதாவது பழைய கண்டங்கள் பசால்ட்டாக இருந்து, பின்னரே கிரானைட்டாக மாறின. தட்டு நகர்வு அப்போதுதான் தொடங்கியது என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டே நிக்கோலஸ் கிரேபரும் உடனாய்வாளர்களும் களிப்பாறைகளின் டைட்டேனியம் ஐசோடோப்பை அளந்து, 350 கோடி ஆண்டு முன்பே கண்டங்கள் சிலிக்கா மிகுந்தவையாகத்தான் இருந்தன என்றார்கள். 2020-இல் கெல்லரும் மார்க் ஹாரிசனும் பழைய கண்டங்களின் சிலிக்காவை மீண்டும் கணக்கிட்டு, அது பெரிதாக மாறியதற்குத் தரவு கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதினார்கள்.

ஒரே வகைப் பாறையிலிருந்து இப்படி முரண்பட்ட விடைகள் வரக் காரணம் முன்பே பார்த்த நிக்கல்தான். களிப்பாறையில் நிக்கல் மிகுந்திருப்பதற்கு இரண்டு வழி உண்டு. நிலத்தில் பசால்ட்டின் பங்கு கூடுதலாக இருந்திருக்கலாம். அல்லது பசால்ட்டின் பங்கு இன்றுள்ளதுபோலவே இருந்து, அந்தப் பசால்ட் ஒவ்வொன்றிலும் நிக்கல் கூடுதலாக இருந்திருக்கலாம். கவசம் சூடாக இருந்ததால் பழைய பசால்ட்டில் நிக்கல் மிகுதி என்பதைத்தான் 70,000 பாறைகளின் சராசரி காட்டியது. இன்றைய பசால்ட்டின் நிக்கலை அளவுகோலாக வைத்துப் பழைய வண்டலை அளந்தால், இல்லாத பசால்ட் இருந்ததாகக் கணக்கு காட்டும். பாறைகளை எண்ணுபவர்களின் முடிவு, கலவையை அளப்பவர்களின் கணக்குக்குள் அளவுகோலாக நுழைய வேண்டும். தட்டு நகர்வு தொடங்கிய நாளைக் குறிக்கும் அளவுக்கு இந்தச் சான்று இன்னும் முதிரவில்லை என்றே கருதுகிறேன்.

முதிர வைக்கக்கூடியது இன்னும் பெரிய கணினி அல்ல. நிறையிடும் முறையின் கணக்குப்படி, தக்காணத்திலிருந்து இன்னும் நூறு பகுப்பாய்வு வந்தாலும் உலகச் சராசரி அசையாது. அவற்றின் நிறை முன்பே பகிர்ந்து முடிந்துவிட்டது. 320 கோடி ஆண்டையொட்டிய, சரியான ஆயத்தொலைவும் சிர்க்கான் வயதும் உள்ள, நகராத தனிமங்கள் அளக்கப்பட்ட ஒரே ஒரு எரிமலைப் பாறை அதை அசைக்கும். அத்தகைய பாறைகள் இருக்கும் இடங்கள் தெரிந்தவையே: ஆப்பிரிக்காவின் உட்பகுதிகள், கிழக்கு அண்டார்க்டிகாவின் கரை, சிங்பூம், மேற்குத் தார்வாரின் சர்கூர்ப் பட்டைகள்.